ஏழரை அடி இறக்கை

இன்னும் ஒரே ஒரு ஸ்க்ரூதான் பாக்கி. அதை முடுக்கிவிட்டால் விமானம் தயார்.

எட்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளை ஒட்டி, உரசி, பொருத்திச் செய்த விமானம். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுத் துள்ளிக் குதித்திருப்பார்கள். நம்மவரோ ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்தார். வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் அவருக்கு மூச்சே ஒழுங்காக வந்தது.

காரணம் இதுதான். விமானம் முடிந்தால் பறக்க வேண்டும். பறந்தால் விழும். விழுந்தால் உடையும். நடுவில் எங்கேயாவது இறங்கிக்கொள்ள வழி உண்டா என்று யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த ஒரே வழி, முடிக்காமலே இருப்பது.

நம்மவரின் தொழிலைச் சொன்னால் இந்தப் பயம் உங்களுக்குப் புரியும். அவர் பல்செட் செய்பவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு சின்ன லேபில் உட்கார்ந்து, மெழுகில் பல் பல்லாக நட்டு, உரசி, மெருகேற்றி, டப்பாவில் போட்டு அனுப்பிவிடுவார். செய்வது இவர், கடிப்பது ஊரார். யார் எதைக் கடித்தார்கள், நின்றதா, உடைந்ததா என்பதையெல்லாம் இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஒரே ஒருமுறை ஒரு விருந்தில், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் மாட்டியிருப்பது தன் செட்தான் என்று தெரிந்துவிட்டது. பெரியவர் எலும்பைக் கையில் எடுத்ததும் நம்மவர் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடிவிட்டார்.

அவர் மனைவி நேர் எதிர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். காலை ஆறு மணிக்கு, ஸ்டியரிங்கை அதுவரை தொட்டே பார்க்காத ஓர் ஆளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே போய்த் திரும்பி வந்து நிதானமாகக் காபி குடிப்பார். ஊரே அவரை டீச்சரம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறது. நாம் மட்டும் அவள் இவள் என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன்?

விமானம் பெட்டியாக வீட்டுக்கு வந்த அன்று டீச்சரம்மா வாசலில் நின்று பார்த்தார். பெட்டி ஓர் ஆள் படுக்கலாம்போல இருந்தது.

"என்னங்க இது, பீரோவா?"

"விமானம்."

"யாரு ஓட்டறது?"

"நான்தான். கீழ நின்னுக்கிட்டு, ரேடியோ கண்ட்ரோல்ல. பேட்டரியில ஓடற மோட்டாரு."

"எவ்வளவு பெருசு வரும்?"

"இறக்கை மட்டும் ஏழரை அடி."

"ஏழரையா? பொருத்தமாத்தான் இருக்கு."

வீட்டில் இருப்பது இரண்டே அறை. இரண்டாவது அறையில் டீச்சரம்மா ரோட்டு அடையாளங்களுக்கு வகுப்பு நடத்துவதாக இருந்தார். பலகைகூட எழுதி வாங்கிவிட்டார். அந்த அறையைத்தான் விமானம் பிடித்துக்கொண்டது. டீச்சரம்மாவின் மாணவர்கள் எட்டு மாதமாக மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து 'இங்கே நிறுத்தாதே' படிக்கிறார்கள். மேலே போகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நம்மவருக்கு அந்த எட்டு மாதம் பொற்காலம். அட்டை கனமே உள்ள மெல்லிய மரச்சட்டங்களைப் பல்லுக்கு உரசும் அரத்தால் உரசுவார். இறக்கைக்குள் விலா எலும்புபோல அவற்றை வரிசையாக நிறுத்தி, மேல்வரிசை கீழ்வரிசை பொருந்துகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மேலே போர்த்தும் சிவப்புத் தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் அது சூட்டில் சுருங்கி டமாரம்போல விறைத்து நிற்கும். அதில் ஒரே ஒரு தகராறு வந்தது.

"ஏங்க, என் யூனிஃபார்ம் சட்டையில முதுகுல என்னமோ செவப்பா ஒட்டியிருக்கு."

"எங்க, காட்டு. அட, இறக்கை கலரு."

"பாடம் எடுத்துட்டு வர்றேன், பின்னாடி வந்த பஸ்ஸுக்காரன் பிரேக் லைட்டுன்னு நெனச்சு நின்னுட்டான்."

இவ்வளவு சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் கல்லைப் போட்டவர் சகலை. டீச்சரம்மாவின் அக்கா வீட்டுக்காரர். அவர் கை பட்ட டார்ச் லைட் அப்புறம் எரிந்ததில்லை. அவர் திறந்த குழாய் அப்புறம் மூடியதில்லை. போன மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தவர், நேராக அந்த அறைக்குள் போய் இறக்கையை இரண்டு விரலால் சுண்டிப் பார்த்தார். நம்மவர் ஓடிவந்து சுண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இன்னுமா முடியல, சகலை?"

"பசை காயணும்."

"ஏழு மாசமாவா?"

"நல்ல பசை."

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிடுங்க. எங்கிட்ட குடுங்க. மொட்டை மாடியிலேர்ந்து ஒரே வீசா வீசிப் பறக்க விட்டுக் காட்டறேன்."

வீசி! ரோஷம் வரக்கூடாத நேரத்தில் நம்மவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வர்ற மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை பறக்கும்! பத்து மணிக்கு! நானே விடறேன்!" என்று மேஜையைத் தட்டினார். விமானம் லேசாக அதிர்ந்ததும் பதறிப்போய்க் கையை எடுத்துக்கொண்டார்.

"பறக்கலேன்னா?" என்றார் சகலை.

நம்மவர் பதில் யோசிப்பதற்குள் கதவோரம் நின்ற டீச்சரம்மா சொல்லிவிட்டார்: "பறக்கலேன்னா அன்னிக்கு சாயங்காலமே நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு ரூம் வேணும்."

ஆக, பறக்கவிட்டால் தன் கையால் போகும். பறக்கவிடாவிட்டால் சகலை கையால் போகும். அன்றிலிருந்து நம்மவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் சிவப்பு இறக்கை ஒன்று தலைகீழாக வந்துகொண்டே இருந்தது. சில சமயம் அது மண்ணில் குத்தியது. சில சமயம் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலுக்குள் போனது. ஒருமுறை நேராக அவர் மேலேயே வந்தது.

அந்தக் கடைசி வாரத்தின் திங்கட்கிழமை காலையில்தான், டீச்சரம்மா முதல் வகுப்புக்குக் கிளம்பிப் போன பிறகு, வாலை உடம்போடு பிடிக்கும் அந்த ஸ்க்ரூ அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சேதியைச் சொன்னார்.

"வால் ஸ்க்ரூ ஒண்ணு கொறையுதும்மா. கம்பெனிக்கு எழுதிப் போடணும். வர்றதுக்கு ஒன்றரை மாசம் ஆகும். சகலைகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

"அடப்பாவமே. இவ்வளவு வேலை செஞ்சுட்டு ஒரு ஸ்க்ரூவுல நிக்குதா?"

"என்ன செய்யறது. நம்ம நேரம்."

டீச்சரம்மா உச்சுக்கொட்டினார். நம்மவர் ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சும்மா ஆசைக்கு விமானத்தைத் தடவிக் கொடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். வாலில் ஸ்க்ரூ இருந்தது. முடுக்கி இருந்தது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டார். அங்கேயும் ஸ்க்ரூ இருந்தது. வாலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி வாலைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

மறதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு ஸ்க்ரூ இருந்திருக்கும், ஒன்றை முன்னாலேயே போட்டிருப்போம். சொன்னாரே தவிர, சொன்னவரே அதை நம்பவில்லை. பல் எண்ணிக்கையில் ஒருநாளும் தப்பாதவர் அவர்.

அன்று கொஞ்சம் பெரிதாகவே கை வைத்தார். வால் மடிப்பை மேலும் கீழும் ஆட்டுகிற நீளக் கம்பியைக் கழற்றினார். அது இல்லாவிட்டால் விமானம் மூக்கைத் தூக்கவே முடியாது. கம்பியைச் செய்தித்தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து லேபுக்கே கொண்டுபோய் மெழுகு டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். கூடவே ரேடியோ கண்ட்ரோலையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு குச்சியும் ஒரு பச்சை விளக்கும் வைத்த கறுப்புப் பெட்டி. அது இல்லாமல் யாரும் எதையும் ஆட்ட முடியாது. இனி அதைக் கையை விட்டு இறக்குவதில்லை என்று முடிவு செய்தார்.

புதன்கிழமை காலையில் விமானத்தில் கம்பி இருந்தது. புதுக் கம்பி. நுனியில் அவர் வளைத்திருந்ததைவிட அழகாக வளைந்திருந்தது.

நம்மவர் சத்தமில்லாமல் அறையை விட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். கதவில் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. எட்டு மாதம் தொட்டுத் தொட்டு வளர்த்த சாமான், பறந்தே தீருவேன் என்று முடிவு கட்டிவிட்டதோ? கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. அங்கே 'முந்தாதே' என்று எழுதிய பலகை ஒன்றுதான் இருந்தது.

இருந்தாலும் மனிதர் விடவில்லை. பல்லறுக்கும் மெல்லிய ரம்பத்தால், செங்குத்து வாலில் திரும்பும் பலகையின் கீல்களை அறுத்து அதைத் தனியாக எடுத்துவிட்டார். அறுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மன்னிச்சுக்கோ. உன் நல்லதுக்குத்தான்" என்று விமானத்திடம் வாய்விட்டே சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் லேபில் இருப்புக் கொள்ளவில்லை. அந்த நேரத்தில் டீச்சரம்மா ரோட்டில் இருப்பார், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஓர் எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார். சாவி போட்டுக் கதவைத் திறந்து கூடத்தில் கால் வைத்ததும் சத்தம் கேட்டது. ஸ்ஸ்விக். ஸ்ஸ்விக். வாலை ஆட்டும் குட்டி மோட்டாரின் சத்தம். எட்டு மாதமாகக் கேட்ட சத்தம்தான், தப்பாக வழியில்லை. கண்ட்ரோல் அவர் கையிலிருந்த பைக்குள் இருக்கிறது. இரண்டு கையாலும் பையை அமுக்கிப் பார்த்துக்கொண்டார். இருந்தது.

அறைக் கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியே பார்த்தார். நேற்று அறுத்தெறிந்த பலகை இருந்த இடத்தில் இருந்தது. இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது. பிறகு இடமும் வலமுமாக, தெரிந்தவரைக் கண்டு வாலாட்டுகிற நாயைப்போல, படபடவென்று ஆடியது.

நம்மவர் வீட்டைப் பூட்டினாரா என்பதுகூட அவருக்கு நினைவில்லை. லேபில் போய் உட்கார்ந்த பிறகும் அவருடைய சொந்தப் பல்லே மேல்வரிசையும் கீழ்வரிசையுமாகத் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அன்று அவர் செய்த செட்டில் கடைவாய்ப் பல் முன்னாலும் முன்பல் பின்னாலும் இருந்தது. டாக்டர் போன் செய்து, "இது யாருக்குங்க?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் அந்த அறைப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, இந்த வீட்ல நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

"ஏன், யாராவது சாப்பிட வர்றாங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன். மூணாவதா யாரும்..."

"மூணாவதா அந்த விமானம் இருக்கு. அதுக்குத்தான் தனி ரூமே குடுத்திருக்கோமே."

"அத அப்படி ஒரு ஆள் மாதிரி சொல்லாதம்மா. தயவுசெஞ்சு."

சனிக்கிழமை மத்தியானம் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். துணி மடித்துக்கொண்டிருந்த டீச்சரம்மாவின் முன்னால் உட்கார்ந்து ஸ்க்ரூ, கம்பி, பலகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கழற்றியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. "கழண்டு போச்சு, திரும்ப அதுவா ஒட்டிக்கிச்சு" என்றார்.

"அதுவா எப்படிங்க ஒட்டும்? நான்தான் ஒட்டினேன்."

"நீயா!"

"ஸ்க்ரூ கொறையுதுன்னு சொன்னீங்க. பெட்டியில உதிரி ஸ்க்ரூ பாக்கெட் பிரிக்காம இருந்துச்சு, போட்டேன். கம்பியக் காணோம், மிச்சக் கம்பியில ஒண்ண வளைச்சேன். கூட இருந்த புஸ்தகத்துல படம் போட்டிருக்கே, அறுபத்திநாலு பக்கம். படத்தப் பாத்து ஒட்டறதுல என்ன இருக்கு?"

"அந்தக் கீலு?"

"அத மட்டும் யாரோ ரம்பம் போட்டு அறுத்த மாதிரி இருந்துச்சு. எலியா இருக்கும்னு நெனச்சேன்."

நம்மவர் தரையைப் பார்த்தார். எலி என்று சொன்ன மரியாதைக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "வியாழக்கிழமை மத்தியானம் அது வாலாட்டிச்சே?"

"ஜன்னல் தொறந்திருந்துச்சு. காத்து."

காற்றுக்கு அந்தச் சத்தம் வராது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அப்போது காற்று வேண்டியிருந்தது. அதனால் ஒப்புக்கொண்டார். டீச்சரம்மா மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"என்னதாங்க உங்களுக்கு?"

"பயமா இருக்கும்மா." சொல்லிவிட்டார். எட்டு மாதமாகச் சொல்லாததைச் சொன்னதும் மிச்சமும் தானாக வந்துவிட்டது. "அது கையில இருக்கற வரைக்கும் முழுசா இருக்கு. விட்டா என்ன ஆகும்னு தெரியல. எனக்கு ஓட்டவும் தெரியாது. சகலை சிரிப்பாரு. சிரிச்சாக்கூடப் பரவால்ல. அது சுக்குநூறாக் கெடக்கறத என்னால பாக்க முடியாது."

டீச்சரம்மா சிரிக்கவில்லை. "எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் மொத நாள் இப்படித்தான் வேர்த்து ஒழுகிக்கிட்டு வருவாங்க. பயம் போனப்புறம் ஓட்டலாம்னா ஒருத்தரும் ஓட்ட முடியாது. பயத்தோடயே வாங்க. நான் பின்னாடியே நிக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை விமானம் இறக்கை வேறு உடம்பு வேறாகப் பிரிந்து டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறியது. வால் பின் ஜன்னல் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காரின் நெற்றியிலும் முதுகிலும் பழகுநர் பலகை. முன்னும் பின்னும் வந்த வண்டியெல்லாம் ஒதுங்கி வழிவிட்டது. நம்மவர் இறக்கைகளை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலும் சிவப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தார். எல்லாம் பச்சையாக இருந்தது.

மைதானம் ஊருக்கு வெளியே, மூடிப்போன ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஞாயிறுதோறும் நாலைந்து பேர் விமானம் விடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். எல்லாரும் அவரைக் கேப்டன் என்பார்கள்.

"வாங்க டீச்சரம்மா, வாங்க!" என்று கேப்டன் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"உன்ன இவருக்கு எப்படித் தெரியும்?" என்றார் நம்மவர்.

"இவரு மருமகளுக்கு ரெண்டு மாசம் கார் சொல்லிக்குடுத்தேன்."

கேப்டன் இறக்கைகளை மாட்டி, அடியில் இரண்டு விரலைக் கொடுத்து விமானத்தை அப்படியே தூக்கினார். மூக்குப் பக்கம் கனம், வால் பக்கம் கனம் என்று ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிவிட மாட்டாரா என்று நம்மவர் ஏங்கினார். விமானம் அசையாமல் விரல்மேல் நின்றது. மூக்கு மட்டும் லேசாகத் தாழ்ந்திருந்தது.

"அருமை! நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. யாரு செஞ்சது?"

"நான்" என்றார் நம்மவர், குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

கேப்டன் பேட்டரியை உள்ளே வைத்து மூடினார். "இந்த விசிறி சுத்தும்போது முன்னாடி கையக் கொண்டுபோகாதீங்க. விரல் துண்டாப் போயிடும்" என்றார். ஒரு முழ நீளத்துக்கு மேலேயே இருந்தது விசிறி. நம்மவர் பத்து விரலையும் ஒருமுறை எண்ணிக்கொண்டார். வாயில் எச்சில் இல்லை.

கண்ட்ரோல் கழுத்தில் தொங்கியது. சுவிட்சைப் போட்டார். வெயிலில் விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. குனிந்து கையால் மறைத்துப் பார்க்கப் போனார்.

"எரியுது, எரியுது. கீழ என்ன பார்வை? நேராப் பாருங்க" என்றார் டீச்சரம்மா. அவர் சொன்னபடியே நம்மவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். வெயிலில் கை கறுத்துவிடும் என்று பெரிய துணிப்பை ஒன்றுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டிருந்தார். "திரும்பிப் பாக்கக் கூடாது. கண்ணு வண்டிமேலயே இருக்கணும். எங்க, லெஃப்ட் காட்டுங்க."

குச்சியைத் தள்ளினார். வால் இடப்பக்கம் திரும்பியது.

"ரைட்." திரும்பியது.

"சரியா இருக்கு. மெதுவா ஆக்சிலேட்டர் குடுங்க."

"இது ஆக்சிலேட்டர் இல்லம்மா, த்ராட்டில்."

"பேரு எதுவா இருந்தா என்ன, குடுங்க."

விசிறி ஊளையிட்டது. விமானம் ஓட ஆரம்பித்தது. "நிறுத்து, நிறுத்து, நிறுத்து" என்று நம்மவர் வாய்க்குள் சொல்வதற்குள் சக்கரம் தரையைவிட்டு ஒரு விரல்கடை எழும்பி, ஒரு முழம் எழும்பி, தொழிற்சாலைச் சுவர் உயரத்துக்குப் போய்விட்டது.

"ஐயோ போச்சு!"

"போகல, பறக்குது. லெஃப்ட்ல திரும்புங்க. மெதுவா. மெதுவா. இப்ப நேரா."

திருப்பினார். நேராக்கினார். சிவப்பு இறக்கை வெயிலில் பளபளத்துக்கொண்டு தலைக்குமேல் போனது. அந்த ஏழரை அடி இப்போது ஒரு சாண் அளவுக்கு இருந்தது. ஒரு திருப்பத்தில் பயம் தாங்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுவிட்டார். திறந்து பார்த்தபோது விமானம் ஒழுங்காகத் திரும்பி முடித்திருந்தது. கண்ணை மூடினாலும் நம் கை வேலை செய்கிறது என்று அவருக்கு முதன்முதலாக ஒரு தைரியம் எட்டிப் பார்த்தது. போகப்போக இன்னொன்றையும் கவனித்தார். டீச்சரம்மா 'ரைட்' என்று சொல்லி, இவர் குச்சியைத் தள்ளுவதற்கு ஒரு நொடி முன்பே விமானம் திரும்பிவிடுகிறது. எட்டு மாதம் பழகிய பழக்கம், மனசில் நினைத்ததுமே அதற்குத் தெரிந்துவிடுகிறது என்று எண்ணிப் பூரித்துப்போனார்.

"இறக்கலாமா?" என்றார் டீச்சரம்மா.

பூரிப்பு பறந்துவிட்டது. ஏறியது இறங்க வேண்டும் என்பதையே அவர் மறந்திருந்தார். விமானம் தொலைவில் வளைந்து, மூக்கை நேராக அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, தாழ்ந்து தாழ்ந்து வந்தது. கனவில் வந்த அதே மாதிரி.

"வருதும்மா! எம்மேலயே வருது! பிரேக்கு எங்க?"

"பிரேக்கெல்லாம் கிடையாது. கத்தாதீங்க. ஆக்சிலேட்டரக் குறைங்க."

"ஓடிரலாமா?"

"நின்ன எடத்துல நில்லுங்க!"

நின்றார். கை குச்சியை எந்தப் பக்கம் தள்ளியது என்று அவருக்கே தெரியாது. விமானம் சருகு இறங்குவதுபோல் இறங்கி, இரண்டு தரம் மெல்லத் துள்ளி, அவர் செருப்புக்கு நாலடி முன்னால் வந்து நின்றது. ஒரு கீறல் இல்லை.

கேப்டன் கைதட்டினார். நம்மவர் மண்ணில் அப்படியே உட்கார்ந்து, விமானத்தின் மூக்கைக் கட்டிக்கொண்டு அழுதார். வெட்கப்படாமல், வாய்விட்டு அழுதார். டீச்சரம்மா பைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து அவர் தலையைத் தடவிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அவர் வேறு ஆள். படியேறும்போதே சகலைக்குப் போன் போட்டுவிட்டார்.

"பறந்துச்சா?" என்றது சகலையின் குரல்.

"பறந்துச்சாவா? தொழிற்சாலைக்கு மேல மூணு ரவுண்டு! இறக்கினேன் பாருங்க, பூ மாதிரி. பயமா? எனக்கா? கை தானா ஓடுது சகலை. சில பேருக்கு அது பொறவியிலயே வரும். அடுத்த மாசம் தலைகீழாப் பறக்க விடப்போறேன், நீங்க கட்டாயம் வரணும்."

மறுமுனையில் மூன்று நொடி சத்தமே இல்லை. அந்த மூன்று நொடிக்காக எட்டு மாதம் என்ன, எட்டு வருஷம்கூட உழைக்கலாம் என்று நம்மவருக்குத் தோன்றியது. போனை வைத்தவர், ஜெயித்த மகிழ்ச்சியில் தாராளமாகிவிட்டார்.

"ஏம்மா, அந்த ரூம இன்னிக்கே நீ எடுத்துக்கோ. விமானத்தக் கூடத்துல உத்தரத்துல தொங்கவிட்டுடலாம். இனிமே அது அடிக்கடி வெளிய போய் வரும்."

"சரிங்க" என்றார் டீச்சரம்மா சமையலறையிலிருந்து.

சோபாவில் சாயப் போனார். டீச்சரம்மாவின் துணிப்பை அங்கே கிடந்தது. நகர்த்தியபோது கனத்தது. உள்ளே ஒரு ரேடியோ கண்ட்ரோல் இருந்தது. தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தன்னுடையது கழுத்திலேயே இருந்தது.

"பைக்குள்ள இன்னொரு கண்ட்ரோல் இருக்கே?"

"கேப்டனோடது. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"அவசரத்துக்கு இருக்கட்டும்னு குடுத்தாரா? நல்ல மனுஷன். நமக்குத்தான் தேவையே படல" என்று அதை மேஜைமேல் வைத்துவிட்டு, காலை நீட்டி டி.வி. ரிமோட்டை எடுத்தார். ஒரு வாரமாக பேட்டரி தீர்ந்து செத்துக் கிடந்த ரிமோட். இன்று அமுக்கியதும் டி.வி. பளிச்சென்று வந்தது. இன்று தொட்டதெல்லாம் வேலை செய்கிறதே என்று அவருக்குச் சந்தோஷம்.

"ரிமோட்டுக்குப் புது பேட்டரி வாங்கிட்டியா?"

"வாங்கல. உங்க கண்ட்ரோல்ல நாலு பேட்டரி இருந்துச்சே, அதுல ரெண்ட எடுத்துப் போட்டேன்."

"அடடா, கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே. எப்ப எடுத்த, இப்பவா?"

"இல்லங்க, காலைல நீங்க குளிக்கறப்ப. மைதானத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி."